நெகட்டிவ் தாய், பாசிட்டிவ் குழந்தை

வரன் பேச்சு ஓரளவு கூடிவந்தவுடன், ஜாதகத்துக்கு அடுத்தபடியாக ரத்த வகையைக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இப்போது பரவலாகிவிட்டது. நான் உயிரியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால், தூரத்து உறவினர்கள்கூட இதைப் பற்றி என்னிடம் விசாரிப்பதுண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே வகை ரத்தமாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. இந்தக் கவலைக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை; இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்றால் அதனால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதால் வரக்கூடிய மரபுநோய்களோடு ரத்த வகையையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதில் பிறந்த அச்சம் இது என்று நினைக்கிறேன். உண்மையில் கவனிக்க வேண்டியது, பெண் நெகட்டிவாகவும் கணவர் பாசிட்டிவாகவும் இருக்கும் நிலையை. அதுவும் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணம் அன்று; கருவுற்றதும் மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டிய ஒரு செய்தி, அவ்வளவுதான்.

நம் ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அதற்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்று வேலை செய்தாலே ஒருவர் பாசிட்டிவ் ஆகிவிடுவார். ஆகவே பாசிட்டிவ் என்று சீட்டில் எழுதப்பட்ட ஒருவரிடம் இரண்டு பிரதிகளும் வேலை செய்பவையாக இருக்கலாம், ஒன்று மட்டும் அப்படி இருக்கலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஒரு பிரதி மட்டும் உள்ள பாசிட்டிவ் கணவனுக்கும் அதேபோன்ற பாசிட்டிவ் மனைவிக்கும் நெகட்டிவ் குழந்தை பிறக்க ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்த எளிய கணக்கு தெரியாத வீடுகளில், "இரண்டு பேரும் பாசிட்டிவ், பிள்ளை மட்டும் எப்படி நெகட்டிவ்?" என்ற கேள்வி பிள்ளை பெற்றவளின் மேல் சந்தேகமாக விழுகிறது. அப்படிக் கேட்பவர்களிடம் நான் பொறுமையாகப் பேசுவதில்லை.

நெகட்டிவ் தாயால் டி மரபணுவைக் கொடுக்கவே முடியாது. எனவே குழந்தை பாசிட்டிவா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் பங்குதான். இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் நெகட்டிவ். மக்கள்தொகை மரபியலில் வழக்கமாகப் போடும் கணக்கின்படி பார்த்தால், நம்மிடையே உள்ள பாசிட்டிவ் ஆண்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேரிடம் ஒரு பிரதி மட்டுமே இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேர் தாயைப் போலவே நெகட்டிவாகப் பிறப்பார்கள். அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், நெகட்டிவ் மனைவி, பாசிட்டிவ் கணவர் என்ற இணைக்குப் பாசிட்டிவ் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 82 சதவீதத்துக்கு அருகில் வருகிறது.

கர்ப்பத்தில் தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் பொதுவாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் இரண்டும் மிக அருகருகே ஓடி, மெல்லிய திசுச் சுவரின் வழியே உயிர்வளியையும் சத்துகளையும் கழிவுகளையும் மாற்றிக்கொள்கின்றன. ஆனால் பிரசவத்தின்போது நஞ்சு பிரியும் நேரத்தில் குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலுக்குள் நுழைந்துவிடுவது சாதாரணம். தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதுவரை டி புரதத்தைக் கண்டதில்லை. அதை அந்நியமாகக் கருதி, அதைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. முதல் குழந்தை அதற்குள் வெளியே வந்துவிட்டதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடுத்த கர்ப்பத்திலும் குழந்தை பாசிட்டிவாக இருந்தால்தான் ஆபத்து. முதலில் உருவாகும் பெரிய மூலக்கூறுகளால் நஞ்சுக்கொடியைக் கடக்க முடியாது. பின்னர் உருவாகும் சிறிய வகை எதிர்ப்பொருளோ, தடுப்பாற்றலைத் தாயிடமிருந்து சேய்க்குக் கொண்டுசேர்க்கும் அதே வழியாகவே உள்ளே சென்று, சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கிறது. விளைவு ரத்தசோகை; கடுமையானால் உடலெங்கும் நீர் கோத்து வயிற்றிலேயே மரணம். உயிரோடு பிறக்கும் குழந்தைக்குச் சில மணி நேரத்திலேயே மஞ்சள் காமாலை ஏறி, சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மூளையில் படிந்து, நிரந்தரப் பாதிப்பை உண்டாக்கக்கூடும்.

முதல் பிள்ளை நன்றாகப் பிறந்து, அடுத்தடுத்தவை மட்டும் இறந்துபோன குடும்பங்கள் முற்காலத்தில் எத்தனையோ காரணங்களைத் தேடியிருக்கும். மருத்துவத்துக்கு முதல் துப்பு 1939இல் கிடைத்தது. இறந்த குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு நியூயார்க்கில் கணவரின் ரத்தத்தைச் செலுத்தியபோது, இருவரும் ஓ வகையாக இருந்தும் கடுமையான எதிர்விளைவு ஏற்பட்டதை லெவினும் ஸ்டெட்சனும் அறிக்கையாக வெளியிட்டார்கள். மறு ஆண்டு லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு செய்த சோதனையிலிருந்து, இந்தப் பாசிட்டிவ், நெகட்டிவ் பிரிவுக்கு ஆர்எச் என்ற பெயர் வந்தது. தடுப்பு முறை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தின் லிவர்பூலில், பட்டாம்பூச்சிகளின் மரபியலில் மூழ்கியிருந்த மருத்துவர் சிரில் கிளார்க்கும் அவருடன் ரொனால்டு ஃபின்னும், நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், போலக் ஆகியோரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். தாயின் உடல் தானாக எதிர்ப்பொருள் தயாரிக்கக் கூடாது என்றால், அதே எதிர்ப்பொருளை வெளியிலிருந்து உரிய நேரத்தில் கொடுத்து, நுழைந்த அணுக்களை முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும். நோயை உண்டாக்கும் பொருளையே மருந்தாக்கும் இந்தத் துணிச்சல் இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. 1968இல் அமெரிக்காவில், இந்த எதிர்ப்பொருளைக் கொண்ட ஆன்டி-டி ஊசி பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த ஊசிக்கான மூலப்பொருள் மனிதரிடமிருந்துதான் கிடைக்க வேண்டியிருந்தது. ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் மிகுந்திருந்ததாகப் பின்னர் கண்டறியப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன், 1954 முதல் 2018 வரை 1,173 முறை தானம் செய்தார். 81 வயது கடந்ததும் விதிப்படி நிறுத்த வேண்டியதாயிற்று.

வழக்கமான முறை இது: கர்ப்பம் பதிவானவுடன் ரத்த வகையோடு, தாயிடம் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதையும் மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனை மூலம் பார்க்கிறார்கள். இல்லையென்றால் 28ஆவது வாரத்தையொட்டி ஓர் ஊசி. பிரசவமானதும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகையைப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி. குழந்தையும் நெகட்டிவ் என்றால் அது தேவையில்லை. 300 மைக்ரோகிராம் கொண்ட ஓர் ஊசி, சிசுவின் ரத்தம் ஏறத்தாழ 30 மில்லி நுழைந்திருந்தாலும் சமாளிக்கும். ஊசியே இல்லாத காலத்தில் இத்தகைய பெண்களில் நூற்றுக்கு 16 பேர் வரை எதிர்ப்பொருள் உண்டாக்கினார்கள். பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி அதை 1 அல்லது 2 ஆகக் குறைத்தது, கர்ப்பகால ஊசி அதையும் வெகுவாகக் குறைத்தது.

நடைமுறையில் பிசகுவது பிரசவத்தில் அன்று, கலைந்த கர்ப்பத்தில். யாருக்கும் சொல்லாமல் முடிந்துபோன கருச்சிதைவு, மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையால் முடித்துக்கொண்ட கர்ப்பம், கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், வயிற்றில் பட்ட அடி ஆகிய எல்லாவற்றிலும் சிசுவின் ரத்தம் தாயிடம் கலக்க வாய்ப்புண்டு. 12 வாரத்துக்கு உட்பட்ட கருக்கலைப்புக்கு ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நம்மூர் மருத்துவர்களில் பலர் அப்போதும் போட்டுவிடுகிறார்கள். எது சரி என்று உங்கள் மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆனால் நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அவரால் தீர்மானிக்க முடியும். மாமியார் உடன் வந்திருக்கிறார் என்பதற்காக முந்தைய கருச்சிதைவைச் சொல்லாமல் விடும் பெண்கள் இருப்பதால், நெகட்டிவ் பெண்களிடம் மருத்துவர் தனியாகப் பேசுவதே நல்லது.

எதிர்ப்பொருள் ஒருமுறை உருவாகிவிட்டால் ஊசியால் அதை அழிக்க முடியாது. அப்போதும் வழி அடைபட்டுவிடுவதில்லை. சிசுவின் மூளைக்குச் செல்லும் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை ஸ்கேனில் அளந்தே ரத்தசோகையின் அளவை மதிப்பிட்டுவிடுகிறார்கள். தேவைப்பட்டால், நியூசிலாந்தில் வில்லியம் லைலி 1963இல் முதன்முதலாகச் செய்துகாட்டியதைப் போலக் கருப்பையில் இருக்கும்போதே சிசுவுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். அவர் சிசுவின் வயிற்றறைக்குள் செலுத்தினார், இன்று நேராகத் தொப்புள்கொடிச் சிரையிலேயே செலுத்துகிறார்கள். தாயின் எதிர்ப்பொருள் தாக்க முடியாத நெகட்டிவ் ரத்தமே, பெரும்பாலும் ஓ நெகட்டிவ், இதற்குப் பயன்படுகிறது.