எஞ்சின் சத்தத்தைப் பிரித்தறிதல்

ஜோகன்னஸ்பர்க்கில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு டர்பனுக்கு வரும் நம் உறவினர்கள் சிலர், கடலோரத்துக்கு இறங்கிய பின் மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கோலிக்குண்டுகள் உருள்வதைப் போன்ற சத்தம் கேட்பதாகச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் காற்றழுத்தம் குறைவு என்பதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பல எஞ்சின்களுக்கு அங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் போதுமானதாக இருக்கிறது; ஆக்டேன் எண் கூடக்கூட, தானாக வெடிக்காமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன் பெட்ரோலுக்குக் கூடும். கடல்மட்டத்திலோ சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், தீச்சுடர் வந்து சேருமுன்பே எரிபொருள் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்து அந்தச் சத்தத்தை எழுப்பக்கூடும். புதிய வண்டிகளில் நாக் சென்சார் இதை உணர்ந்து தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மிதியை இலேசாக்கிக்கொண்டு, அடுத்த முறை 95 ஆக்டேன் நிரப்பிப் பார்க்கட்டும். அதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

காலையில் வண்டியை எடுத்ததும் டிக் டிக்கென்று கேட்டுச் சற்று நேரத்தில் அடங்குவது பெரும்பாலும் வால்வுப் பகுதியிலிருந்து வருவது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். கீச்சென்ற ஒலி பெல்ட்டினுடையதாக இருக்கலாம், அதற்கு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

நான் உண்மையிலேயே அஞ்சுவது, எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து எழுந்து, வேகத்தோடும் சுமையோடும் கூடிக்கொண்டே போகும் கனத்த இடிச்சத்தத்துக்குத்தான். பிஸ்டனின் இயக்கத்தைச் சுழலும் தண்டுக்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் அப்படிக் கேட்கும். அதனுடன் ஆயில் விளக்கும் எரிந்தால், வீடு பக்கத்தில்தான் என்று எண்ணி ஓட்டிச் செல்லாமல், சாலையோரத்தில் பாதுகாப்பாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.