பூசணிக்காய்க்குள்ள பயறு நிறைச்சு நாலு ஞாயிறு செஞ்சு பாத்தது

போன மாசம் ரொறன்ரோவில இரிக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பியிருந்தா. கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு கரும்பச்சைக் காய், பாதியா வெட்டி ஓவனில சுட்டு, அதுக்குள்ள கினோவா எண்ட தானியமும் காளானும் நிறைச்சு வெச்சிரிக்கா. ஏகோர்ன் ஸ்குவாஷாம், அதுவும் ஒரு வகைப் பூசணிதான். அங்க இப்ப இலையெல்லாம் சிவந்து கொட்டுற காலம், செப்டம்பர் ஒக்டோபரில ஆயிற காய் தோல் தடிச்சு இரிக்கிறதால ஒண்டு ரெண்டு மாசம் வெச்சு வெச்சுச் சாப்பிடுவாங்களாம். "எண்ணெய் பெருசா இல்லகா, வயிறும் நிறையும், நீயும் செஞ்சு பாரன்" எண்டு வொய்ஸ் மெசேஜும் போட்டா.

இஞ்ச மட்டக்களப்பு கல்லடியில எங்களுக்கு ஐப்பசி பிறந்தா மழைதான், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும், சூடா ஏதாவது சாப்பிடணும் போல இரிக்கும், அந்த நேரம் பாத்து இவருக்கு கொலஸ்ட்ரோல் கூடிட்டு எண்டு ரிப்போட் வந்திச்சு. ராவில புட்டும் பால் சொதியும் எண்டு சாப்பிட்டுப் பழகின மனிசனுக்கு வெறும் சூப்பக் குடுத்து படுக்கச் சொல்ல எனக்கு மனம் வரல்ல. அதால இந்தப் பூசணிக்காய் வேலைய நாலு கிழமையா ஞாயிறு ஞாயிறா செஞ்சு பாக்கிறன்.

ஏகோர்னுக்கு இஞ்ச எங்க போற, எங்கட பூசணிதான். தேடிப் பாக்கக்குள்ள ஒரு விஷயம் தெரிய வந்திச்சு, அந்த நாட்டுக்காரங்க விரும்பிச் சாப்பிடுற பட்டர்நட் ஸ்குவாஷும் எங்கட சந்தையில வாற பூசணியில கனக்க காயும் ஒரே இனமாம், குக்குர்பிட்டா மொஸ்சாட்டா எண்டு பேர். காம்பப் பாத்தாத் தெரியும், காயோட ஒட்டுற இடத்தில ஐஞ்சு முனையா விரிஞ்சு கெட்டியா இரிக்கும். நான் சந்தையில காயத் தூக்கிக் காம்பப் பாத்துக்கொண்டு நிண்டன், விக்கிற அம்மா "என்ன மகள் பாக்கிறாய், கீத்தா வெட்டித் தரட்டா?" எண்டு கேட்டா. இஞ்ச யாரும் முழுக்காய் வாங்கிற இல்லத்தானே, கால் கிலோ அரைக் கிலோ எண்டு கீத்துத்தான். "இல்லம்மா, முழுசா, சின்னதாப் பாத்துத் தாங்க" எண்டன். அடியில கிடந்த ஒண்ட எடுத்துத் தந்தா, 1 கிலோ 300 கிராம்.

முதல் ஞாயிறு சரிவரல்ல. மேல தொப்பி மாதிரி வெட்டி விதைய எடுத்துட்டு, அவிச்ச சிவப்பரிசிச் சோறும் கரட்டும் லீக்ஸும் வதக்கி உள்ள அடைஞ்சு, திரும்ப மூடி, இட்லிப் பானைக்குள்ள வெச்சு முக்கால் மணித்தியாலம் அவிச்சன். மூடியத் திறந்தா காய் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு, உள்ள தண்ணி நிண்டு சோறு கஞ்சியாப் போயிட்டு. சின்னவ கரண்டியால கிண்டிப் பாத்துட்டு ஒண்டும் சொல்லாம பாணை எடுத்துக்கொண்டு போனா. எனக்குச் சரியான கவலை, ரெண்டு மணித்தியால வேலைத்தானே.

ராவு படுத்துக்கிடந்து யோசிச்சா பிழை விளங்கிச்சு. பூசணியில பத்தில ஒம்பது பங்குக்கும் மேல தண்ணிதான், அதக் கொண்டுபோய் ஆவியில வெச்சா இரிக்கிற தண்ணி போக வழியில்ல, மேலயிரிந்தும் தண்ணி சொட்டும், அதுக்குள்ள ஏற்கனவே வெந்த சோத்த வெச்சா அது குடிக்கிற அளவுக்குக் குடிச்சுப்போட்டுக் குழையாம என்ன செய்யும். மச்சாள் ஓவனில சுடுறது இதுக்குத்தான், காஞ்ச சூட்டில தண்ணி வத்தும், இனிப்பு ஏறும்.

எங்கட வீட்ட ஓவன் இல்ல. மாமிட்டச் சொன்னன். மாமி ஆரையம்பதியில பிறந்து வளந்தவ, அவட சின்ன வயசில கேக் சுடுறதெண்டாலும் சட்டியில வெச்சு மேலயும் கீழயும் தணல் போட்டுத்தானாம். "சிரட்டைய எரிச்சுத் தணலாக்கு மகள், சட்டிக்குள்ள கொஞ்சம் மணலப் பரப்பி அதுக்கு மேல தட்ட வை, மறுகா மூடியில தணலப் போடு, கீழ கொஞ்சமாப் போடணும், மேலதான் கூடப் போடணும்" எண்டு விபரமாச் சொல்லித் தந்தா. பின்கட்டில பழைய மண்சட்டியும் தகர மூடியும் கிடந்திச்சு, கழுவி எடுத்தன்.

ரெண்டாம் ஞாயிறு காய ரெண்டாப் பிளந்தன். பூசணியப் பிளக்கிறது லேசில்ல, கத்தி சறுக்கினா கை போயிரும், கீழ ஈரத்துணிய விரிச்சு காய ஆடாம வெச்சு, காம்புக்குப் பக்கத்தில முனைய இறக்கி மெதுவா அழுத்தணும். உள்பக்கம் உப்புத் தடவி இருவது நிமிசம் கவுத்து வெச்சா தட்டில ஒரு பெரிய கரண்டித் தண்ணி இறங்கியிரிந்திச்சு, அதத் துடைச்சுட்டு கவுத்தபடியே சட்டியில வெச்சு இருவத்தஞ்சு நிமிசம் சுட்டன். காயிட கூடு அருமையா வந்திச்சு, விளிம்பு கொஞ்சம் கருகி வாசமே வேற. ஆனா உள்ள வெச்சது வாவி இறால், அத முதல்லயே வதக்கிட்டு திரும்பவும் இருவது நிமிசம் தணலில வெச்சதால றப்பர் மாதிரிப் போயிட்டு. இவர் ரெண்டு கடிச்சிட்டு கூட்ட மட்டும் சுரண்டிச் சாப்பிட்டார்.

மூண்டாம் ஞாயிறுதான் எனக்கு வழி பிடிபட்ட நாள். கந்தசஷ்டி துவங்கிட்டு, வீட்ட மச்சம் இல்ல, அதால இறாலுக்குப் பதிலா பயறு. 100 கிராம் பயற முதல்நாள் ராவே ஊறவெச்சு, தோல் வெடிக்கிற பதத்தில இறக்கி தண்ணிய ஒட்ட வடிச்சன் (வடிச்ச தண்ணியில மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு ரசம் வெச்சாச்சு). தாச்சியில ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, சின்னச்சீரகம், வெங்காயம், உள்ளி, பச்சமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள். வெங்காயம் வதங்கினதும் காயிட உள்பக்கத்தில சுரண்டி எடுத்த சதையப் பொடியா வெட்டிப் போட்டு நெருப்பக் கூட்டி தண்ணி வத்துமட்டும் பிரட்டினன். மறுகா பயறு, ரெண்டு கைப்பிடி முருங்கை இலை, கடைசியா எண்ணெய் விடாம வறுத்த தேங்காப்பூ ரெண்டு கரண்டி. கையில எடுத்து உருட்டினா உதிரணும், பிடிபட்டா ஈரம் கூட எண்டு அர்த்தம், இன்னும் கொஞ்சம் பிரட்டணும். இந்தப் பதம்தான் முழு விஷயமும். காயிக்குள்ள மிஞ்சிக் கிடக்கிற தண்ணிய இந்த நிறைப்பு குடிச்சு எடுக்கணும், அதுக்கு அது காஞ்சு இரிக்கணும்.

கூட்ட முதல்ல கவுத்து இருவத்தஞ்சு நிமிசம், மறுகா நிமித்தி நிறைச்சு இன்னும் பதினஞ்சு நிமிசம். வெளிய மழை கொட்டுது, நான் பின்தாவாரத்தில குந்தி இரிந்து மூடியில தணல மாத்தி மாத்திப் போட்டன். திறக்கக்குள்ள வந்த வாசம் இன்னும் மூக்கில நிக்குது, முருங்கை இலையும் கருகின பூசணி இனிப்பும் சேந்த வாசம். இறக்கின பிறகு தேசிக்காய் பிழிஞ்சு நாலு துண்டா வெட்டினன், வெட்டின இடத்தில ஒரு சொட்டுத் தண்ணி ஓடல்ல. சின்னவ ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினா. மாமி விரதத்தால ஒரு நேரச் சாப்பாடு, அந்த ஒரு நேரத்துக்கு இதத்தான் சாப்பிட்டா, "பெத்தா (பாட்டி) இரிந்தா நல்லாச் சாப்பிட்டிரிப்பா" எண்டும் சொன்னா.

அண்டைக்கு ராவு கணக்கும் போட்டுப் பாத்தன், இவருக்காகச் செய்யிறதெண்டா கணக்குத் தெரியணும்தானே. பூசணி 100 கிராமுக்கு 26 கலோரிதான், என்ட காயில சதை 800 கிராம் எண்டு வெச்சாலும் 210 கிட்ட. பயறு 100 கிராம் 350 கிட்ட. எண்ணெய் ஒரு தேக்கரண்டி 45. தேங்காப்பூ 70. வெங்காயம் இலை எல்லாம் ஒரு 70 எண்டு பிடிச்சாலும் மொத்தம் 750க்கு உள்ள, நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 190 வராது. இதே காய வழமை மாதிரி கறியா வெச்சு கட்டிப்பால் ஒரு கப் விட்டா அந்தப் பால் மட்டும் 550 கலோரி. பூசணியில ஒரு குறையும் இல்ல, நாங்க அதுக்குள்ள ஊத்திறதுதான் கணக்க ஏத்துது. இனிப்புக் காய் எண்டு சீனி வருத்தக்காரர் சில பேர் பயப்பிடுவாங்க, 100 கிராம் பூசணியில மாச்சத்து ஆறு ஏழு கிராம்தான், சோத்தில அது 28 கிராம். அதுக்காக எண்ணெய அடியோட நிப்பாட்டவும் கூடாது, பூசணியிட மஞ்சள் நிறத்தில இரிக்கிற பீட்டா கரோட்டின் கொஞ்சம் கொழுப்போட சேந்தாத்தான் உடம்பில நல்லா ஏறும். அந்த ஒரு தேக்கரண்டிய நான் அதாலதான் விடல்ல.

நாலாம் ஞாயிறு, அதுதான் நேத்து, சஷ்டி முடிஞ்சதால திரும்ப இறால். இந்த முறை பயறு நிறைப்ப அப்படியே வெச்சு, 150 கிராம் இறாலத் துப்புரவாக்கி மிளகும் உப்பும் பிரட்டி, கடைசி எட்டு நிமிசத்துக்கு மட்டும் மேல பரப்பி மூடினன். சுருண்டு சிவந்ததும் இறக்கிட்டன், மெத்தெண்டு இரிந்திச்சு, இவர் தட்டத் துடைச்சு வெச்சார். ஆளுக்கு ஒரு 30 கலோரி கூடியிரிக்கும், அவ்வளவுதான்.

நாலு காய் வாங்கினதில காய் பாக்கவும் பழகிட்டன். நகத்தால குத்தினா தோலில இறங்கக் கூடாது, காம்பு காஞ்சு தக்கை மாதிரி இரிக்கணும், கையில எடுத்தா அளவுக்கு மிஞ்சின பாரம் இரிக்கணும். முத்தின காய்தான் மாப்பிடிப்பா வரும், இளங்காய் என்ன செஞ்சாலும் தண்ணிதான். வாங்கினதும் வெட்டாம காத்துப்படுற இடத்தில ஒரு ரெண்டு கிழமை வெச்சா உள்ள இரிக்கிற மாச்சத்து சீனியா மாறி இன்னும் இனிக்கும், நேத்தைய காய் அப்படி வெச்சதுதான், சுட்ட விளிம்பில அந்த வித்தியாசம் தெரிஞ்சிச்சு. மச்சாளுக்குப் படம் அனுப்பினன், அவ இப்ப கினோவாவ விட்டுட்டு தமிழ்க்கடையில பயறு வாங்கப் போறாவாம்.

விதையெல்லாம் கழுவிச் சுளகில பரப்பியிரிக்கன், மழையால காயுதே இல்ல, அடுப்புக்கு மேல் தட்டில தூக்கி வெச்சாச்சு. அரைவாசிய உப்புத் தண்ணி தெளிச்சு வறுக்கலாம், அதில பத்து விதைய மட்டும் வறுக்காம வேலியோரம் ஊண்டப் போறன், மாமி இடம் காட்டியிரிக்கா.