ராயபுரத்திலிருந்து ஆறாம் கிரேடு: தாழ்ந்த குரல் உள்ள பெண்களுக்கு

மேற்கத்திய செவ்வியல் பாட்டில், பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 94 மதிப்பெண். 150க்கு 100 வந்தால்தான் தேர்ச்சி, ஆகவே தோல்வி. அடுத்த ஆண்டு 123 வாங்கி, தேர்ச்சிக்கு மேலான மெரிட் தரம் பெற்றேன். அந்த ஓராண்டில் நான் கூடுதலாக உழைத்துவிடவில்லை. என் குரல் எது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். தேர்வுக்குத் தயாராகும் பெண்களுக்கு, குறிப்பாக வீட்டில் போனை எடுத்தால் 'தம்பி, அம்மாவைக் கூப்பிடு' என்று கேட்டுக் கூசிப்போன பெண்களுக்கு, அதைச் சொல்லியாக வேண்டும்.

சர்ச் பாடகர் குழுவில் பெண் என்றால் மிக உயர்ந்த குரலான சோப்ரானோ வரிசையில் நிறுத்திவிடுவார்கள். பத்து ஆண்டுகள் அங்கேதான் நின்றேன். தனிப் பயிற்சிக்குப் போன இடத்திலும் மேலே, இன்னும் மேலே என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் தொண்டை எரியும். அது பயிற்சியின் அடையாளம் என்று நம்பினேன். அது தவறு. பாடிய பின் தொண்டை வலித்தால் பாடிய விதமோ சுருதியோ சரியில்லை என்று பொருள். அன்றைக்கே நிறுத்துங்கள்.

தோற்ற பிறகுதான் ஆங்கிலேயப் பாடகி கேத்லீன் ஃபெரியரின் வாழ்க்கையைப் படித்தேன். 1912இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டுத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் முதலில் கற்றது பியானோ. 1937இல் கார்லைல் இசைவிழாவில் பாட்டுப் போட்டியிலும் கலந்துகொள்ளத் துணிவிருக்கிறதா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்ட, பியானோ, பாட்டு இரண்டிலும் முதலிடம் பெற்றார். முறையான குரல் பயிற்சியே அதற்குப் பிறகுதான். ஓபரா என்னும் இசைநாடக மேடையில் முதன்முதலில் ஏறியது 1946இல், 34 வயதில். மேடையில் அவர் ஏற்ற ஓபரா வேடங்கள் இரண்டே இரண்டு: பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் ஓபராவில் லுக்ரீஷியா, க்ளுக் என்பவரின் ஓபராவில் ஆர்ஃபியோ. 1953 பிப்ரவரியில் லண்டன் கவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் ஆர்ஃபியோவாகப் பாடிக்கொண்டிருந்தபோது, புற்றுநோய் அரித்த தொடையெலும்பு முறிந்தது. அப்படியே நின்று மீதியைப் பாடி முடித்தார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், 41 வயதில் இறந்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

அவர் கான்ட்ரால்டோ. பெண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்தது, அரிதானது. அவருடைய ஒலிப்பதிவைக் கேட்ட இரவில்தான், என் குரலுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது.

இனி தேர்வுக்கு வருகிறேன். பெரும்பாலான பாடல்களை நம் குரலுக்கேற்ற சுருதிக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. எவற்றுக்கு விலக்கு என்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்துவிடுங்கள். பழைய இத்தாலியப் பாடல் தொகுப்புகள் உயர்ந்த குரலுக்கு ஒன்று, தாழ்ந்த குரலுக்கு ஒன்று என்று தனித்தனிப் பதிப்பாகவே கிடைக்கும். தாழ்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். பியானோ வாசிப்பவரை நாம்தான் அழைத்துப் போக வேண்டும். எனக்கு எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன் வந்தார். சுருதியை முடிவு செய்யும் நாளிலேயே அவரை உட்கார வைத்தது நல்லதாகப் போயிற்று.

இத்தாலிய உச்சரிப்பில் தமிழ் நமக்குப் பெரிய துணை. பட்டு, பத்து என்று இரட்டை மெய்யை அழுத்திச் சொல்லிப் பழகிய நாக்குக்கு இத்தாலிய இரட்டை மெய் தானாக வரும். குறில் நெடில் கேட்டுப் பழகிய காது உயிரொலியின் நீளத்தைக் குழப்பாது. அவர்களுடைய 'த' நம் 'த' போலவே பல்லைத் தொடும். ஆங்கிலத்தில் படித்த பழக்கத்தில் 'ட' என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். t போன்ற வன்மையான ஒலியும் d போன்ற மென்மையான ஒலியும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். 'தந்தை' என்பதில் முதல் த வேறு, அடுத்த த வேறு. நாம் பேசும்போது தானாக மாற்றிக்கொள்கிறோம். இத்தாலியனில் அந்த மாற்றம் நடந்தால் சொல்லே மாறிவிடும். என் முதல் தேர்வுக் குறிப்பில் தேர்வாளர் இதைத்தான் சுட்டியிருந்தார்.

ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வுக்கே ஐந்தாம் கிரேடு தியரி, அதாவது இசை இலக்கணத் தேர்வு, தேறியிருக்க வேண்டும். அதை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் எங்கள் பகுதியில் பெரும்பாடு. காலையில் காசிமேடு மீன் லாரிகள், மாலையில் தெரு முழுக்க ஆள். நான் மதியம் மூன்று மணிக்குச் சர்ச்சில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். மைக் இல்லாமல் பழகுங்கள். ஓபராவில் மைக் கிடையாது. இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே வலுவாக இருக்கும். பயிற்சி பெற்ற தாழ்ந்த குரல்களில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குவிகிறது. அதனால்தான் அந்தக் குரல் இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை போகிறது. கத்தினால் அந்தக் குவிப்பு வராது, தொண்டைதான் இறுகும்.

முன்பின் பார்க்காத இசைக் குறியீட்டைப் பார்த்தவுடன் பாடும் பகுதிக்கு 21 மதிப்பெண். பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள். அதில் வாய்விட்டுப் பாடிப் பார்க்கலாம், கூச்சப்படாதீர்கள். சர்ச்சில் டோ ரே மி சோல்ஃபா பழகியவர்கள் அதையே சொல்லிப் பாடலாம். எனக்கு இதில் முதல் முறையே நல்ல மதிப்பெண் வந்தது, அது பாடகர் குழு தந்த வரம்.

கடைசியாக, துணை இசை இல்லாமல் பாடும் மரபுப் பாடல். இதற்கும் 21. எந்த மொழியிலும் பாடலாம். முதல் முறை ஓர் ஆங்கில நாட்டுப்பாடலைச் சொல் சொல்லாக மனப்பாடம் செய்து பாடினேன். சப்பென்று இருந்தது. ஃபெரியர் 1949இல் பதிவு செய்த பாடல் ஒன்று இருக்கிறது. துணைக்கு எந்தக் கருவியும் கிடையாது. கடலுக்குப் போனவனைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லித் தெற்குக் காற்றை வேண்டும் பெண்ணின் பாட்டு. அதைக் கேட்டபோது ஆயா ஞாபகம் வந்தது. கட்டுமரக் காலத்தில் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு ஆயாவுக்கு நன்றாகத் தெரியும். என் குரலைப் போலவே தாழ்ந்த குரல்.

இரண்டு மாதம் வாசற்படியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மூச்சு எங்கே விட வேண்டும் என்று கேட்டால், "வலையை எங்கே இழுப்பியோ அங்கே" என்பார். தேர்வறையில் பியானோ அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு அதைப் பாடினேன். 21க்கு 19. மதிப்பெண் தாளை ஆயாவிடம் காட்டியபோது அவர் கேட்டது, பாட்டு முழுவதையும் பாடினாயா, பாதியில் நிறுத்திவிட்டாயா என்பதுதான்.