பங்கு விற்ற மறுநாள் காலை 10.30 மணி

புரோக்கர் செயலியில் 'ஆர்டர் எக்ஸிகியூட்டட்' என்று வந்ததும் பங்கு போய்விட்டது, பணம் வந்துவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நொடியில் முடிவது பேரம் மட்டும்தான். பங்கு கைமாறுவதும் பணம் கைமாறுவதும் மறுநாள் நடக்கின்றன. 'ஹோல்டிங்ஸில் பங்கு தெரிகிறது, ஏன் விற்க விடவில்லை?', 'நேற்று வாங்கி இன்று விற்றேன், எதற்கு இவ்வளவு அபராதம்?' போன்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த ஒரு நாளுக்குள் இருக்கிறது.

ஒரு வர்த்தகம் முடிந்ததும் உங்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் நடுவே கிளியரிங் கார்ப்பரேஷன் நுழைகிறது. விற்பவருக்கு அதுவே வாங்குபவர், வாங்குபவருக்கு அதுவே விற்பவர். எதிர்த்தரப்பு யார் என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் கைவிரித்தாலும் உங்கள் பேரத்தை முடித்துக்கொடுக்கும் பொறுப்பு கிளியரிங் கார்ப்பரேஷனுடையது. வர்த்தக நாளின் இரவுக்குள் யார் எத்தனை பங்கு தர வேண்டும், யார் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று கழித்துக் கூட்டிப் பட்டியல் போடுகிறார்கள். மறுநாள் காலை 10.30 மணிக்குள் பங்கும் பணமும் உள்ளே வந்தாக வேண்டும். அது பே-இன். பிறகு உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பே-அவுட்.

இந்தக் கெடு படிப்படியாகத்தான் சுருங்கியது. 2001-இல் டி+5 (டி என்பது வர்த்தக நாள், கூட்டல் குறிக்குப் பின் வருவது அதிலிருந்து எத்தனையாவது வேலை நாளில் கைமாறும் என்பது), 2002 ஏப்ரலில் டி+3, 2003 ஏப்ரலில் டி+2. அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அசையவில்லை. 2022 பிப்ரவரி 25 அன்று சந்தை மதிப்பில் கடைசியில் இருந்த 100 பங்குகளில் டி+1 தொடங்கியது. மாதாமாதம் கீழிருந்து மேலாகச் சேர்த்துக்கொண்டே வந்து, 2023 ஜனவரி 27 அன்று பெரிய நிறுவனங்களோடு முடித்தார்கள். அமெரிக்கா டி+1-க்கு வந்தது 2024 மே 28-இல். நாம் முந்திக்கொண்டதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. ஆனால், இந்தப் பத்தாண்டில் சிறு முதலீட்டாளருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு வேகத்தால் வந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பங்கு புரோக்கரின் கையில் தங்கிப் போவது படிப்படியாக ஒழிக்கப்பட்டதே அது.

பழைய வழி இது. வாங்கிய பங்கு கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து புரோக்கரின் பூல் கணக்குக்கு மொத்தமாக வரும். அங்கிருந்து அவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிரித்து அனுப்புவார். விற்கும்போதும் அதே வழிதான். கணக்கு திறக்கும்போதே கையெழுத்து வாங்கிய பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து உங்கள் டீமேட்டிலிருந்து (பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் கணக்கிலிருந்து) அவரே எடுத்துக்கொள்வார். மார்ஜினுக்கு, அதாவது வர்த்தகத்துக்கான பிணைக்கு, பங்கைக் காட்ட வேண்டுமென்றாலும் அவருடைய கணக்குக்கே மாற்றிக் கொடுக்க வேண்டும். எல்லாம் நம்பிக்கையில் ஓடியது. 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் புரோக்கிங் மீது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பிறப்பித்த உத்தரவு அந்த நம்பிக்கையின் ஓட்டையைக் காட்டியது. வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, அவற்றை அடகு வைத்து அந்நிறுவனம் கடன் வாங்கியிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரிகளில் ஒன்றான என்.எஸ்.டி.எல். சுமார் 83,000 பேருக்குப் பங்குகளைத் திருப்பிக் கொடுத்தது.

அதன் பிறகு வந்த விதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரே நூல் தெரியும். 2020 செப்டம்பர் 1 முதல் மார்ஜினுக்கான பங்கு உங்கள் டீமேட்டிலேயே இருக்கும். அதன் மேல் அடகு மட்டும் பதிவாகும், அதையும் ஓ.டி.பி. கொடுத்து நீங்களே ஒப்ப வேண்டும். 2022 செப்டம்பர் முதல் புதிய கணக்குகளுக்கு பவர் ஆஃப் அட்டர்னியின் இடத்தில் டி.டி.பி.ஐ. என்ற வரம்புள்ள அனுமதிப் பத்திரம் வந்தது. நீங்கள் விற்றதைக் கொடுப்பது, மார்ஜினுக்கு அடகு வைப்பது போன்ற வரையறுத்த சில வேலைகளுக்குத்தான் அது செல்லும். அது கொடுக்காதவர்கள் விற்கும்போது டி-பின் என்ற ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் போட்டு ஒப்புதல் தர வேண்டும்.

2022 நவம்பர் 14 முதல் கட்டாயமான பிளாக் முறையை நான் இவற்றில் முக்கியமானதாகக் கருதுகிறேன். நீங்கள் விற்கும்போது பங்கு கணக்கைவிட்டு நகர்வதில்லை. கிளியரிங் கார்ப்பரேஷன் பேரில் அங்கேயே பூட்டப்படுகிறது. உங்கள் பெயரில் எத்தனை பங்கு தர வேண்டும் என்று கிளியரிங் கார்ப்பரேஷன் போட்ட கணக்கோடு டெபாசிட்டரி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் மட்டுமே மறுநாள் பங்கு கழிக்கப்படும். ஆர்டர் நிறைவேறாவிட்டால் பூட்டு தானாகத் திறந்துவிடும். நீங்கள் விற்காத பங்கை உங்கள் கணக்கிலிருந்து எடுக்க இந்த வழியில் இடமே இல்லை, ஏனென்றால் ஒப்பிடுவதற்கு ஒரு வர்த்தகம் இருக்காது.

விற்கும் பக்கம் இப்படி அடைபட்டது. வாங்கும் பக்கத்துக்கு 2024 ஜூனில் செபி சுற்றறிக்கை விட்டது. தேதி சிலமுறை தள்ளிப்போய் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. வாங்கிய பங்கு பூல் கணக்கைத் தொடாமல் கிளியரிங் கார்ப்பரேஷனிலிருந்து நேராக உங்கள் டீமேட்டுக்கு வருகிறது. முன்பு ஒரு புரோக்கருக்கு ஒரு பங்கில் ஒரே வரியாகப் போன பே-அவுட், இப்போது வாடிக்கையாளருக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான வரிகளாகப் பிரிகிறது. அதனால்தான் பங்கு பே-அவுட் நேரம் பிற்பகல் 1.30-லிருந்து 3.30-க்கு மாற்றப்பட்டது. 'முன்பெல்லாம் மதியமே வந்துவிடும்' என்று குறைப்பட்டுக்கொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக நல்ல பொருள் கிடைத்திருக்கிறது.

முழுப் பணம் கட்டாமல் வாங்கினால்? அப்போதும் பங்கு உங்கள் கணக்குக்கே வரும், புரோக்கர் பேரில் அடகோடு. பே-அவுட்டிலிருந்து ஐந்து வர்த்தக நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அவர் விற்கலாம். ஏழு வர்த்தக நாள் வரை அவர் விற்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை என்றால் அடகு தானாக நீங்கும்.

இனி எங்கே சிக்கல் வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் வாங்கிய மறுநாளே விற்பது. திங்கள் 100 பங்கு வாங்குகிறீர்கள், செவ்வாய் காலையே விற்கிறீர்கள். திங்கள் வாங்கியது செவ்வாய் பிற்பகல் வரும். செவ்வாய் விற்றதை புதன் காலை 10.30-க்குள் கொடுத்தால் போதும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, திங்கள் உங்களுக்கு விற்றவர் ஒழுங்காகக் கொடுத்தால். அவர் கொடுக்கவில்லை என்றால், குறைந்த பங்கை வேறு யாரிடமாவது வாங்க செவ்வாய் ஏலம் நடக்கும், அதன் பங்கு புதன் பே-அவுட்டில்தான் வரும். உங்களுடைய பே-இன் கெடு அதற்கு முன்பே முடிந்திருக்கும். இப்போது பங்கு தராதவர் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள், உங்கள் மேல் தனியாக ஒரு ஏலம்.

ஏலத்தில் விற்க ஆளில்லை என்றால் குளோஸ்-அவுட், அதாவது பங்குக்குப் பதில் பணமாகத் தீர்ப்பது. வர்த்தக நாளிலிருந்து ஏல நாள் வரை அந்தப் பங்கு தொட்ட உச்ச விலை, அல்லது ஏல நாள் முடிவு விலைக்கு 20 சதவீதம் மேல், இரண்டில் எது அதிகமோ அது. 500 ரூபாய்க்கு 100 பங்கு விற்றீர்கள் என்று வையுங்கள். உச்சம் 530, ஏல நாள் முடிவு 520. 20 சதவீதம் கூட்டினால் 624. பங்குக்கு 124 வீதம் 12,400 ரூபாய் போகும். பங்கின் விலை நான்கு சதவீதம்தான் ஏறியது, இழப்போ விற்ற தொகையில் கால்வாசி. டே டிரேடிங்கில் கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, பங்கு அப்பர் சர்க்யூட்டில் (அன்றைய உச்ச விலை வரம்பில்) பூட்டிக்கொண்டதால் திரும்ப வாங்க முடியாமல் மாட்டுபவர்கள் விழுவதும் இதே குழியில்தான். அதிகம் கைமாறாத பங்குகளில் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது செட்டில்மென்ட் விடுமுறை. சந்தை திறந்திருக்கும், வங்கி மூடியிருக்கும். ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிகள் மூடும் ஏப்ரல் 1 பெரும்பாலும் இப்படி அமையும். அன்று வாங்கியது விற்றதும் அதற்கு முந்தைய வர்த்தக நாளில் வாங்கியது விற்றதும் ஒரே நாளில் செட்டில் ஆகும். முந்தைய நாள் வாங்கியதை அன்று விற்றால், கொடுக்க வேண்டிய நேரம் காலை, கைக்கு வரும் நேரம் பிற்பகல். புரோக்கர் விற்க விடாமல் தடுப்பது இதனால்தான். ஆண்டுத் தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் செட்டில்மென்ட் நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஒரு பங்கைச் சிறிய முகமதிப்புள்ள பல பங்குகளாக்கும் முகமதிப்புப் பிரிப்பில் வேறு விதமான தொல்லை. நம் நாட்டில் பிரித்த பங்குக்குப் புதிய ஐசின் எண் (பங்கின் அடையாள எண்) வரும். பழைய எண் முடங்கி, புதிய எண்ணில் பங்கு வந்து சேரும் வரை விற்கக் கையில் எதுவும் இல்லை, செயலி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினாலும்கூட. இன்னொன்று: டி+2 காலத்தில் எக்ஸ்-டேட் (அன்று முதல் வாங்குபவருக்குப் பலன் இல்லை என்ற நாள்) ரெக்கார்டு தேதிக்கு (பலன் பெறுவோர் பட்டியல் எடுக்கும் நாளுக்கு) ஒரு நாள் முன்பு இருந்தது. டி+1-இல் இரண்டும் ஒரே நாள். டிவிடெண்டோ போனஸோ வேண்டுமென்றால் ரெக்கார்டு தேதிக்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். ரெக்கார்டு தேதியன்று வாங்கினால் கிடைக்காது.

நேரடி பே-அவுட் வந்த பிறகு முளைத்த சிக்கல், இணைப்பு சரியில்லாத டீமேட் கணக்கு. உங்கள் வாடிக்கையாளர் குறியீட்டோடு எந்த டீமேட் எண் பதிவாகியிருக்கிறதோ அதற்குத்தான் பங்கு போகும். டீமேட்டை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு வர்த்தகக் கணக்கில் பழைய எண்ணையே விட்டிருந்தாலோ, கே.ஒய்.சி. குறையால் கணக்கு முடக்கப்பட்டிருந்தாலோ வரவு ஏறாது. புரோக்கரிடம் கேட்டு, பதிவான 16 இலக்க எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.டி.எல். கணக்கானால் அது ஐ.என். என்ற எழுத்துகளில் தொடங்கும், இன்னொரு டெபாசிட்டரியான சி.டி.எஸ்.எல். கணக்கானால் முழுக்க எண்தான்.

புரோக்கருக்குள்ளேயே நேரும் தட்டுப்பாடும் உண்டு. ஒரே புரோக்கரின் ஒரு வாடிக்கையாளர் 100 விற்கிறார், இன்னொருவர் அதே 100-ஐ வாங்குகிறார். புரோக்கர் அளவில் கழித்தால் பூஜ்யம். விற்றவர் கொடுக்காவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. முன்பு இதை ஒவ்வொரு புரோக்கரும் தானே ஒரு விலை வைத்துத் தீர்த்துக்கொண்டார். 2024 சுற்றறிக்கைப்படி இதுவும் கிளியரிங் கார்ப்பரேஷன் வகுத்த ஏல முறையில் போக வேண்டும், அது வசூலிப்பதற்கு மேல் புரோக்கர் வசூலிக்கக் கூடாது. கான்ட்ராக்ட் நோட்டிலும் லெட்ஜரிலும் இந்தத் தொகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டி+1 வேறு வகையில் நெருக்குகிறது. அவர்களின் வர்த்தகத்தை, அவர்கள் சார்பில் பங்குகளைப் பாதுகாக்கும் கஸ்டோடியன் அன்றிரவு 7.30-க்குள் உறுதிசெய்ய வேண்டும். குளிர்காலத்தில் அப்போது நியூயார்க்கில் காலை 9 மணி. அங்கே ஆள் வந்து உட்காரும்போது இங்கே கெடு முடிந்திருக்கும். ஒதுக்கீட்டு விவரத்தை முன்கூட்டியே அனுப்புவது, ரூபாயை முன்கூட்டியே வாங்கி வைப்பது என்று சமாளிக்கிறார்கள்.

கெடு சுருங்கச் சுருங்க, கணினி பழுதானால் சரிசெய்யக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறி, தேசியப் பங்குச் சந்தையின் கிளியரிங் கார்ப்பரேஷனான என்.எஸ்.இ. கிளியரிங்கின் இடர் மேலாண்மை அமைப்பு கிடைக்காமல் போனது. காலை 11.40-க்கு நின்ற வர்த்தகம் பிற்பகல் 3.45-க்குத்தான் மீண்டது. அடுத்த மாதமே செபி கெடுவை இறுக்கியது: கோளாறு நேர்ந்த 30 நிமிடத்துக்குள் பேரிடராக அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும், 15 நிமிடத்துக்கு மேற்பட்ட தரவு இழக்கக் கூடாது. 2022 நவம்பர் 18 அன்று, பிளாக் முறை கட்டாயமாகி நான்கே நாளில், சி.டி.எஸ்.எல். தன் கணினிகள் சிலவற்றில் தீம்பொருளைக் கண்டறிந்து பிரித்து வைத்தது. அன்றைய செட்டில்மென்ட் தாமதமாகி ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. எல்லாப் பூட்டும் டெபாசிட்டரியிடம் சேர்ந்துவிட்ட பிறகு, அங்கே ஒரு கணினி நின்றால் ஊரே நிற்கும். புரோக்கரை நம்பியிருந்த இடத்தில் இப்போது இரண்டு டெபாசிட்டரிகளை நம்பியிருக்கிறோம். மேற்பார்வையின் கண் அங்கேதான் இருக்க வேண்டும்.

இந்த நிலையில் டி+0 எவ்வளவு அவசரம்? 2024 மார்ச் 28 அன்று 25 பங்குகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். பிற்பகல் 1.30 வரை நடந்த வர்த்தகம் அன்றே 4.30-க்குள் முடியும். 2025 ஜனவரி 31 முதல் படிப்படியாக 500 பங்குகளுக்கு விரித்தார்கள். விருப்பத் தேர்வு என்பதால் ஒரே பங்குக்கு இரண்டு சந்தை, இரண்டு விலை. டி+0-இல் வாங்கியதை டி+1-இல் விற்றதோடு கழித்துக்கொள்ளவும் முடியாது. வாங்குவோரும் விற்போரும் டி+1-இல் குவிந்திருக்கும்போது, அவசரப் பணத்துக்காக டி+0-இல் விற்பவர் விலையில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நேரடி பே-அவுட்டில் திரும்பி வரும் வரவுகள் குறைந்து, இணைப்புப் பிழைகள் களையப்படும் வரை இதை மெல்ல நடத்துவதே சரி. அதுவரை டி+0-இல் விற்க நினைப்பவர்கள், அதே நிமிடத்தில் டி+1 திரையில் என்ன விலை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.