பாய் கட்டிய ஞாயிறு: எண்ணூர் நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2025, சனி

நாளைக்குப் படகில் எண்ணூர் முகத்துவாரம் போவது உறுதியாகிவிட்டது. மோட்டாரைக் கரையிலேயே விட்டுவிட்டு, வெறும் பாயில்.

மாலை முழுக்க நெட்டுக்குப்பத்தில் கூட்டாளி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவன் அப்பா தார்ப்பாயின் ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு வைத்து, கோணி ஊசியில் வலை நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கயிறு இல்லாத ஓரம் நல்ல காற்று வந்தால் கிழிந்துவிடுமாம். முக்கோணப் பாய், மூங்கிலில் பாய்மரம். கட்டுமரத்தில் பாய் விரித்துக் கடலுக்குப் போன கடைசித் தலைமுறை அவர்.

"மோட்டார் இருக்கும்போது எதுக்குப்பா இதெல்லாம்?" என்று அவன் அம்மா கேட்டார்கள். அவர் தலை நிமிராமலே, "அந்தச் சத்தத்துல இவனுங்களுக்குக் காத்து எந்தப் பக்கம்னே தெரியாமப் போச்சு" என்றார்.

லைஃப் ஜாக்கெட், ஐந்து லிட்டர் தண்ணீர், துடுப்பு, நீளக் கழி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

பிப்ரவரி 9, ஞாயிறு

இருட்டோடு திருவொற்றியூரிலிருந்து கிளம்பி, விடியும்போது படகில் இருந்தேன். காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசும். முகத்துவாரத்தைக் குறுக்கே கடந்து வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் போக அது போதும். கூட்டாளி பின்னால் துடுப்பையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டான். பாய்க்கயிறு என் கையில். பாய் ஒருமுறை படபடவென்று அடித்து, அப்புறம் நிறைந்து நின்றது. கயிறு உள்ளங்கையில் இழுக்க ஆரம்பித்ததும் படகு நகர்ந்தது. சத்தமே இல்லை. அடியில் தண்ணீர் உரசும் ஒலி மட்டும்.

காட்டுப்பள்ளி ஒரு தீவு. கிழக்கே கடல், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், மேற்கே கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே பழவேற்காடு ஏரி. பாலத்தின் மேல் லாரிகளுக்கு நடுவே பைக்கில் எத்தனை தடவை போனாலும் இது உறைக்காது. இன்றைக்குப் படகிலிருந்து கால் வைத்து ஏறியபோதுதான் உடம்புக்கு உறைத்தது. கரையில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. அதைத் தாண்டி ராவணன் மீசைப் புல். இவை இரண்டும்தான் மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. கொஞ்சம் வடக்கே துறைமுகத்தின் கிரேன்கள்.

பாலத்தடியில் பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைத்துவிட்டு ஆற்றுக்குள்ளே போனோம். வெயில் ஏற ஏற காற்று செத்துவிட்டது. கழி ஊன்றித்தான் போக வேண்டியிருந்தது.

நடுப்பகலில் தண்ணீர் வற்றி, ஆற்றின் நடுவே ஒரு திட்டு வெளியே கிடந்தது. செருப்போடு இறங்கச் சொன்னான் கூட்டாளி. சேறு என்று நினைத்த இடமெல்லாம் காக்கா ஆழி. கறுப்பும் பச்சையுமாக, விரல் நீளம்கூட இல்லாத சிப்பிகள், ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு பாய் விரித்தது போலத் தரையை மூடியிருந்தன. ஒரு கொத்தைப் பிய்த்துப் பார்த்தேன், அடியில் கறுத்த, நாறும் சேறு. தென் அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த சிப்பி இது. சரக்குக் கப்பல்கள் எடை சமன்படுத்த ஏற்றிவரும் தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள்.

"இறால் சேத்துல பதுங்கும்டா. சேறே இல்லன்னா எங்க பதுங்கும்?" என்றான். இந்த ஆற்றில் வலை இல்லாமல் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையை வைக்கும் இடத்தில் இப்போது கத்தி முனை மாதிரி ஓடுகள். மற்ற எதைப் பற்றியும் இவ்வளவு எழுதத் தோன்றவில்லை, இது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டோம்.

அப்புறம் கடற்காற்று வந்தது. சென்னையில் வெயிலைத் தணிக்கும் அதே காற்றுதான், தண்ணீர் மேல் அது வரும் விதமே வேறு. முதலில் தூரத்தில் ஒரு கருமையான கோடு, பிறகு முகத்தில் குளுமை, உடனே பாய் விம்மியது. தண்ணீரும் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போயின. தலைக்கு மேல் நிலக்கரி கன்வேயர், எதிரே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அவற்றின் காலடியில் கண்டல் மரங்கள் நிற்கும் ஒரு சின்னத் தீவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்த மரங்களிலும் படிந்ததாம். கீழ்க்கிளைகளில் கறுப்புக் கறை இன்னும் இருந்தது. அதற்கு மேலே புது இலைகள். சேற்றில் பென்சில் குத்தி வைத்தது போல மூச்சுவேர்கள். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டும் பறக்கவில்லை. மோட்டாரில் வந்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

திரும்பும்போது காற்று எதிரே. தட்டையான அடிப்பகுதி உள்ள படகு காற்றில் பக்கவாட்டில் சரிந்துகொண்டே போகும். அவன் அப்பா கொடுத்துவிட்ட பலகையை ஓரமாகத் தண்ணீரில் இறக்கிப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் குறுக்கே மாறி மாறிப் போனோம்.

"மச்சான், கயித்த விடு, விடு... இப்ப இழு!"

ஒவ்வொரு திருப்பத்திலும் நாலு அடி முன்னேறுவது அத்தனை சந்தோஷமாக இருந்தது. கரை சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. அப்பா பாயைத் தொட்டுப் பார்த்துத் தையல் பிரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

கை முழுக்கக் கொப்புளம். மதியம் கூட்டாளி போன் செய்தான். பாயை இன்னும் ஒரு முழம் அகலப்படுத்தலாம் என்று அப்பா சொல்கிறாராம். தெற்கத்திக் காற்று நிலையாக வீசத் தொடங்கியதும் கால்வாய் வழியே வடக்கே பழவேற்காடு வரை போகலாம், கூட அவரும் வருகிறாராம். தார்ப்பாய் வாங்க சனிக்கிழமை பாரிமுனை போகிறோம்.