டி.எஸ்.எச். நார்மல், ஆனால் கழுத்தில் கட்டி

"தைராய்டு நார்மல்" என்று ரிப்போர்ட் வந்ததும் கழுத்துக் கட்டியை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி விட்டுவிடாதீர்கள். தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு சுரக்கிறதா என்பதைத்தான் டி.எஸ்.எச். (தைராய்டை ஏவ மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) காட்டும், கட்டி எப்படிப்பட்டது என்பதைக் காட்டாது. தைராய்டு புற்றுநோய் வந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும்.

பிறகு ஏன் முதலில் அதையே எடுக்கச் சொல்கிறார்கள்? அடுத்து எந்தப் பக்கம் போவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். டி.எஸ்.எச். 0.4 mIU/L-க்குக் கீழே இறங்கியிருந்தால், கட்டியே தன்னிச்சையாக ஹார்மோன் சுரக்கிறதோ என்று பார்க்க டெக்னீஷியம் ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்க மருந்தை ஏற்றி, தைராய்டு அதை எங்கே உறிஞ்சுகிறது என்று படமெடுப்பது) எடுப்பார்கள். படத்தில் கட்டி மட்டும் அடர்கறுப்பாகத் திரண்டு, மீதிச் சுரப்பி மங்கிக் கிடந்தால் அது 'ஹாட் நாட்யூல்'. ரத்தத்தில் ஹார்மோன் மிகுந்ததும் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துவிடும், ஏவல் வராமல் நல்ல திசு அடங்கிவிடும், கட்டி மட்டும் அடங்காது. இத்தகைய கட்டியில் புற்றுநோய் மிக அரிது, ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் கட்டியின் செல்களை எடுத்துப் பார்ப்பது) பெரும்பாலும் வேண்டியிராது. கார்பிமசோல் மாத்திரை ஹார்மோனைக் கட்டுக்குள் வைக்கும். நிறுத்தினால் பழையபடி ஏறும். அதனால்தான் கதிரியக்கத்தால் கட்டியை அழிக்கும் ரேடியோ அயோடின் அல்லது ஆபரேஷன் என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் எடுப்பதில்லை. முதல் மூன்று மாதங்களில் அவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே இறங்கும் என்பதால், அது குறைந்ததாலேயே கட்டியின் வேலை என்று ஆகிவிடாது.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: 5, 10 மில்லிகிராம் அளவுகளில் சில லேப் முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாகக் கூடியும் தெரியும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

டி.எஸ்.எச். நார்மலோ அதிகமோ என்றால் அல்ட்ராசவுண்ட்தான் பேசும். ரிப்போர்ட்டில் கட்டியின் தோற்றத்தை வைத்துச் சந்தேகத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடும் 'டி.ஆர்.' எண்ணைத் தேடுங்கள். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் 2017 கணக்குப்படி டி.ஆர்.5 என்றால் 1 செ.மீ., டி.ஆர்.4 என்றால் 1.5, டி.ஆர்.3 என்றால் 2.5 செ.மீ. தொட்டாலே ஊசிப் பரிசோதனை. டி.ஆர்.1, 2-க்குத் தேவையில்லை. 3 செ.மீ. நீர்க்கட்டியை விட, அகலத்தைக் காட்டிலும் உயரம் கூடி, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளி தெரியும் 1 செ.மீ. கட்டிதான் கவலைக்குரியது.

கட்டியைக் கரைக்கத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுக்கும் பழைய வழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. பெரிதாகச் சுருங்காது, வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். ஹாஷிமோட்டோவால் (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) டி.எஸ்.எச். ஏறியிருந்தால் மாத்திரை அந்தக் குறைபாட்டுக்காக மட்டுமே.

சி.டி. ஸ்கேனுக்கு ஊசிமருந்து (கான்ட்ராஸ்ட்) போடும் முன்பும் கட்டியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அதிலுள்ள அயோடின், தன்னிச்சையாகச் சுரக்கும் கட்டிக்குத் தீனியாகி, சில வாரங்களில் ஹார்மோனை எகிறவைக்கலாம்.