மே மாதத்துக்குள் கிடந்த அப்பாவின் வீடியோ

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார். "திருக்கடையூர்ல அப்பா வேட்டி கட்டிக்கிட்டு இருக்கிறப்ப நீ வீடியோ எடுத்தியேடா, அதை டிவியில போட்டுக் காட்டேன்." அப்பாவின் அறுபதாம் கல்யாணம் 2017 ஜூன் 1-ல் நடந்தது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. போனை எடுத்து ஒரு மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மா "பரவால்லப்பா, அப்புறமா பார்த்துக்கலாம்" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இருக்கிற எல்லாப் படங்களையும் இறக்கி ஒழுங்குபடுத்துவது என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன்.

என் படங்களில் பெரும்பகுதி கூகுள் போட்டோஸில் இருந்தது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றுகிற எல்லாமே கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றானதிலிருந்து மாதச் சந்தா கட்டி வந்தேன். மீதி, ஒரு பழைய லேப்டாப்பிலும் 2008-ல் வாங்கிய டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டிலும் கிடந்தது.

கூகுளில் இருந்து மொத்தமாக எடுக்க டேக்அவுட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. உள்ளே போனதும் எல்லாச் சேவைகளும் டிக் ஆகியிருக்கும். அத்தனையையும் எடுத்துவிட்டு போட்டோஸை மட்டும் டிக் செய்ய வேண்டும். படங்களைச் சேர்த்துக் கட்டித் தரும் ஜிப் கோப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கேட்கும். 50 ஜிபி கொடுத்தேன். மறுநாள் மெயிலில் நான்கு ஜிப்புக்கு லிங்க் வந்தது, மொத்தம் 187 ஜிபி. சுமார் ஒரு வாரத்தில் லிங்க் காலாவதியாகிவிடும் என்பதால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன். மூன்றாவது ஜிப் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய், திரும்ப முதலிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. நெட் மெதுவாக இருப்பவர்கள் 2 ஜிபி அல்லது 10 ஜிபியாக வாங்குவது நல்லது. அறுந்தாலும் கொஞ்சம்தான் போகும்.

ஜிப்பைப் பிரித்ததும் பயந்துவிட்டேன். விண்டோஸில் எல்லாக் கோப்புக்கும் அன்றைய தேதியே காட்டியது, பத்து வருடப் படங்களை நேற்று எடுத்தது போல. உண்மையில் எதுவும் தொலையவில்லை. படம் எடுத்த நேரம் படத்துக்கு உள்ளேயே எக்ஸிஃப் என்ற தகவலாக எழுதப்பட்டிருக்கும். அதோடு, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்ற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று வரும். அதில் எடுத்த நேரம், இடம், நாம் எழுதிய குறிப்பு எல்லாம் உண்டு. குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். எக்ஸிஃப் இல்லாத பழைய படங்களுக்கு அதுதான் ஜாதகம்.

அடுக்குவதற்கு எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி என்பவர் 2003-லிருந்து இலவசமாகக் கொடுத்து வரும் மென்பொருள். ஒரே வரிக் கட்டளையில் ஆயிரக்கணக்கான படங்களின் எடுத்த தேதியைப் படித்து வருடம், மாதம் என்று ஃபோல்டர் போட்டு நகர்த்திவிடுகிறது. முதலில் இருபது படங்களை நகல் எடுத்து அதில் ஓட்டிப் பார்த்தேன். அதன் பிறகுதான் முழுவதையும் விட்டேன்.

2017, 06 என்ற ஃபோல்டரைத் திறந்தேன். திருக்கடையூர் படங்கள் எல்லாம் இருந்தன. அமிர்தகடேஸ்வரர் கோயில் வாசல், கலசம் அடுக்கிய இடம், தங்கை தாம்பாளத்தோடு நிற்பது. வீடியோவும் சில இருந்தன. அம்மா கேட்ட அந்த ஒன்று மட்டும் இல்லை. அன்று முழுக்க எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் தற்செயலாக 05-ஐத் திறந்தால் கடைசிக் கோப்பாக அது உட்கார்ந்திருந்தது, மே 31 இரவு 11.20 என்ற நேரத்தோடு. அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தோம். கூட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. போனில் எடுக்கும் படங்களில் உள்ளூர் நேரம் பதிவாகிறது. வீடியோவிலோ யூடிசி எனும் உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஜூன் 1 விடியற்காலை 4.50-க்கு எடுத்தது அந்தக் கணக்கில் முந்தைய நாள் இரவு 11.20. நம் வீட்டு விசேஷங்களில் முக்கியமானதெல்லாம் விடிவதற்கு முன்னாலேயே நடக்கிறது. காலை ஐந்தரைக்கு முன் எடுத்த வீடியோ எல்லாமே முதல் நாளுக்குப் போயிருந்தது. தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டுகிற வீடியோகூட முதல் நாள் ரிசப்ஷன் படங்களோடு கிடந்தது.

வீடியோவில் இருப்பது யூடிசி, அதைக் கணினியின் நேரத்துக்கு மாற்றிப் படி என்று எக்ஸிஃப்டூலுக்குச் சொல்ல வழி இருக்கிறது. அதைச் சேர்த்து வீடியோக்களை மட்டும் மறுபடி ஓட்டினேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடக்கூடாது. என் பழைய டிஜிட்டல் கேமரா வீடியோவிலும் உள்ளூர் நேரத்தைத்தான் எழுதியிருந்தது. அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தேன்.

அந்தக் கேமராவில் இன்னொரு சிக்கல். பேட்டரி முழுதாக இறங்கினால் தேதி 2008 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். ஒரு கட்டு முழுக்க 2008 என்று இருந்தது. ஆனால் படத்தில் தங்கை கல்லூரிப் பெண். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு படத்தில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார், பின்னால் சுவரில் தினசரி காலண்டர். சிவப்பில் 19, ஆகஸ்ட் 2012, ஞாயிறு. அப்பா காலையில் காபிக்கு முன்னால் தாள் கிழிப்பார், ஒரு நாளும் தவறமாட்டார். அந்தத் தாளை நம்பி, கேமரா எத்தனை நாள் பின்தங்கியிருந்தது என்று கணக்கிட்டு, அந்தக் கட்டில் இருந்த 140 படங்களையும் அதே அளவு முன்னால் நகர்த்தினேன்.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டேன். அனுப்பும்போதே எக்ஸிஃப் போய்விடுகிறது. பெயரில் இருக்கும் தேதி நமக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல. ஆல்பத்தில் போட்ட படங்கள் வருட ஃபோல்டரிலும் ஆல்பம் ஃபோல்டரிலும் இரண்டு முறை வந்திருந்தன. இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளால் களைந்ததில் 31 ஜிபி குறைந்தது.

விசேஷ ஃபோல்டர்களுக்கு மட்டும் கையால் பெயர் வைத்தேன்: 2017-06-01 திருக்கடையூர். தேதி முன்னால் இருந்தால் தானாக வரிசையில் நிற்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், ஒன்று தங்கை வீட்டில். எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் ஆன்லைனில் எதையும் அழிக்கவில்லை.

அம்மாவுக்காகப் பென் டிரைவ் போட்டபோது நீள வீடியோ ஒன்று ஏற மறுத்தது. பழைய டிரைவ், ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தது; அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு போகாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடியது. நாற்பது விநாடிதான். அப்பா மயில்கண் வேட்டியின் மடிப்பைச் சரி செய்துகொண்டே, "அந்த லைட்டைப் போடுடா, கரை தெரியமாட்டேங்குது" என்கிறார். அம்மா ரிமோட்டை வாங்கி இன்னொரு தடவை போட்டார். பிறகு சேரை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தேதி தெரியாதவை என்று ஒரு ஃபோல்டரில் இன்னும் 212 படங்கள் இருக்கின்றன. ஞாயிறு சாயங்காலம் போனில் பத்துப் பத்தாகக் காட்டுகிறேன். "இது உங்க சித்தி வளைகாப்பு. அப்ப நீ பத்தாவது பரீட்சை எழுதிட்டு இருந்த" என்கிறார் அம்மா. நான் வருடத்தை எழுதிக்கொள்கிறேன்.